கிறிஸ்துமஸ் சமயத்தில் பிரான்ஸில் வந்து இறங்கும் மாணவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செப்டம்பரில் வரும் மாணவர்களுக்குப் பல்கலைக்கழகத்தில் வரவேற்பு மேஜை இருக்கும், வழிகாட்ட மூத்த மாணவர்கள் இருப்பார்கள். ஜனவரி செமஸ்டருக்காக டிசம்பர் கடைசியில் வருகிறவர்களுக்கு அதெல்லாம் கிடையாது. அதனால் வருடா வருடம் அதே சந்தேகங்கள் வாட்ஸப்பில் வந்து விழுகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதுவதற்குப் பதில், இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். கேள்விகள் அவரவர் கேட்டபடியே இருக்கின்றன. நான் இருப்பது லியோனில். ஆனால் கேட்கிறவர்கள் அதிகம் பாரிசில் இறங்குவதால் பாரிஸ் விஷயங்கள் கொஞ்சம் கூடுதலாக இருக்கும்.

அக்கா, 22ஆம் தேதிக்கும் டிக்கெட் இருக்கு, ஜனவரி 3க்கும் இருக்கு. எதுல வர்றது நல்லது?

வகுப்பு எப்போது தொடங்குகிறது என்பது இரண்டாவது கேள்வி. அறைச் சாவியை யார், எந்தத் தேதியில், எத்தனை மணிக்குள் தருவார்கள் என்று முதலில் கேளுங்கள். மாணவர் விடுதி அலுவலகங்கள் பலவும் கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் நடுவில் மூடிவிடும். 22 வார நாளாக இருந்து, அன்றே சாவி கிடைக்கும் என்று மின்னஞ்சலில் உறுதி வந்திருந்தால் 22இல் வாருங்கள். இல்லையென்றால் ஜனவரிதான். 24 மதியத்துக்கு மேல் வந்து இறங்குவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள், டிக்கெட் எவ்வளவு மலிவாக இருந்தாலும் சரி.

கீழே பல பதில்களுக்கு அடிப்படையான ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். 24இலிருந்து ஜனவரி 2 வரை எந்த அலுவலக வேலையும் நகராது. வங்கி, விசா, காப்பீடு என்று அந்த நாட்களில் அலைந்தால் கால்தான் வலிக்கும். தங்க இடம், சாப்பாடு, குளிருக்குத் துணி, இந்த மூன்றும் சரியாக இருந்தால் போதும்.

25ஆம் தேதி நிஜமாவே எல்லாக் கடையும் மூடியிருக்குமா? நம்ம ஊர்ல தீபாவளி அன்னிக்குக்கூட டீக்கடை இருக்குமே!

கிட்டத்தட்ட எல்லாமே மூடியிருக்கும். டிசம்பர் 25, ஜனவரி 1 இரண்டும் சட்டப்படி விடுமுறை. 24 அன்றும் சூப்பர் மார்க்கெட்டுகள் மாலை ஆறு, ஏழு மணிக்கே ஷட்டரை இறக்கிவிடும். 25 காலையில் சில பேக்கரிகளும், பெரிய நகரங்களில் ஒரு சில சின்னக் கடைகளும் திறந்திருக்கலாம், ஆனால் அதை நம்பி இருக்காதீர்கள். 25 சனிக்கிழமையில் வந்தால் மறுநாள் ஞாயிறு, அன்றும் பாதிக் கடைகள் இருக்காது.

26 பிரான்ஸ் முழுக்கச் சாதாரண வேலை நாள்தான், அல்சாஸ் மோசெல் பகுதியில் மட்டும் அன்றும் விடுமுறை. ஸ்ட்ராஸ்பூர்க், கோல்மார், முலூஸ், மெட்ஸ் ஊர்களுக்குப் போகிறவர்கள் இரண்டு நாளுக்கும் சேர்த்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஏர்போர்ட்ல இருந்து எப்படிப் போறது? ராத்திரி பத்து மணிக்கு இறங்குறேன்.

சார்ல் டி கோல் விமான நிலையத்திலிருந்து பாரிசுக்குள் ஆர்இஆர் பி என்ற புறநகர் ரயில் வருகிறது. ஓர்லி என்றால் 2024 முதல் மெட்ரோ 14 நேராக விமான நிலையத்துக்கே வருகிறது. இரண்டுக்கும் விமான நிலையத்துக்கென்று தனி டிக்கெட் உண்டு, 13, 14 யூரோ ஆகும். சாதாரண மெட்ரோ டிக்கெட்டில் ஏறினால் பரிசோதகரிடம் அபராதம் கட்ட வேண்டியிருக்கும். இரவில் ரயில் பாதையில் பராமரிப்பு வேலை நடந்தால் ஆர்இஆர் சீக்கிரமே நின்றுவிடும், அதனால் கிளம்பும் முன் அன்றைய நேரத்தைப் பார்த்துவிடுங்கள். டாக்சி என்றால் வெளியே வரிசையில் நிற்கும் அதிகாரப்பூர்வ டாக்சியில் ஏறுங்கள். பாரிசுக்குள் போக அவற்றுக்கு நிர்ணயித்த கட்டணம்தான். உள்ளேயே வந்து “டாக்சி, டாக்சி” என்று பையைத் தூக்க வருகிறவரோடு போகாதீர்கள்.

வேறு ஊருக்குப் போகிறவர்கள் சார்ல் டி கோல் நிலையத்தின் இரண்டாவது டெர்மினலிலிருந்தே அதிவேக ரயில் பிடிக்கலாம். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாட்களில் நாடே சொந்த ஊருக்குப் போகும், நம் பொங்கல் பஸ் மாதிரிதான். டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள், விமானத்துக்கும் ரயிலுக்கும் நடுவில் மூன்று மணி நேரமாவது விடுங்கள்.

பலரும் மறப்பது வாசல் கதவின் எண். இங்கே கட்டடக் கதவுகள் பலவற்றில் எண் அழுத்தித்தான் உள்ளே போக முடியும். கூப்பிட்டுத் திறக்கச் சொல்ல வாட்ச்மேன் இருக்கமாட்டார். அந்த எண்ணை முன்பே கேட்டுத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். குளிரில் போன் சார்ஜ் சீக்கிரம் இறங்கும்.

சாப்பாட்டுச் சாமான் என்னவெல்லாம் கொண்டு வரலாம்? அம்மா நெய், பால்கோவா, கறிவேப்பிலை எல்லாம் கட்டி வச்சிருக்காங்க.

மூன்றையும் வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்கள் இறைச்சியும் பால் பொருட்களும் கொண்டுவரக் கூடாது. நெய், கோவா எல்லாம் அதில் அடங்கும். பச்சையான இலை, காய், பழங்களுக்குத் தாவர ஆரோக்கியச் சான்றிதழ் வேண்டும். வாழைப்பழம், தேங்காய், அன்னாசி, பேரீச்சை, துரியன் ஆகியவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு.

சாம்பார்ப் பொடி, ரசப் பொடி, இட்லிப் பொடி, புளி, பருப்பு, ஊறுகாய் தாராளமாகக் கொண்டு வரலாம். கருவாடு கேட்கிறவர்களுக்கு நல்ல செய்தி, மீன் பொருட்களை 20 கிலோ வரை விதி அனுமதிக்கிறது. பக்கத்து அறைக்காரர் அனுமதிப்பாரா என்பது வேறு விஷயம். எதைக் கொண்டு வந்தாலும் முதல் இரண்டு நாளுக்கு உடனடியாகச் சாப்பிடக்கூடியது கொஞ்சம் இருக்கட்டும். ஒரு சின்னப் பாத்திரம், ஒரு கரண்டி, ஒரு தட்டும் சேர்த்து வையுங்கள். விடுதி அறையில் பாத்திரம் இருக்கும் என்று நினைத்து வந்து, 25ஆம் தேதி அரிசி கையில் இருந்தும் பட்டினி கிடந்தவர்கள் உண்டு.

ப்ளக் மாட்டுமா? குக்கர், இண்டக்ஷன் கொண்டு வரலாமா?

மின்னழுத்தம் 230 வோல்ட், அதில் பிரச்சினை இல்லை. நம் போன் சார்ஜரின் இரண்டு முனை ப்ளக் பெரும்பாலும் மாட்டும், மூன்று முனை ப்ளக் மாட்டாது. ஓர் அடாப்டரும், ஊரிலிருந்தே ஒரு பவர் ஸ்ட்ரிப்பும் கொண்டு வந்தால் எல்லாவற்றையும் ஒரே அடாப்டரில் ஓட்டலாம். சார்ஜர், லேப்டாப் மட்டும்; அடுப்பு, ஹீட்டரை அதில் போடாதீர்கள். சின்ன பிரஷர் குக்கர் கொண்டு வரலாம், ஆனால் அடிப்பாகம் இண்டக்ஷனுக்கு ஏற்றதா என்று பாருங்கள். தாளிக்கும்போது புகை அலாரம் அடிக்கும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், அலாரத்தைக் கழற்றாதீர்கள்.

குளிர் எவ்வளவு இருக்கும்? ஜாக்கெட் சென்னையிலயே வாங்கிடட்டுமா?

பாரிசில் டிசம்பர் கடைசியில் பகலில் ஏழெட்டு டிகிரி, இரவில் இரண்டு மூன்று, சில நாள் பூஜ்யத்துக்குக் கீழே. பனி கொட்டும் என்று கற்பனை செய்து வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் தூறல்தான் கிடைக்கும். குளிரைவிட இருட்டுதான் ஆளை அடிக்கும். காலை எட்டே முக்காலுக்குத்தான் சூரியன் வரும், மாலை ஐந்துக்குள் போய்விடும். முதல் வாரத்தில் மதியத்தில் ஒரு மணி நேரமாவது வெளியே நடங்கள்.

ஊரிலிருந்து உள்ளே போடும் தெர்மல் இரண்டு செட், ஒரு ஸ்வெட்டர், காதை மூடும் தொப்பி, கையுறை, தண்ணீர் புகாத ஷூ, மேலே போட ஒரு சாதாரண ஜாக்கெட் போதும். நல்ல கோட்டை இங்கே ஜனவரியில் வாங்குங்கள். குளிர்காலத் தள்ளுபடியைப் பிரான்ஸில் ‘சோல்ட்’ என்பார்கள். கடைக்காரர் இஷ்டத்துக்கு அல்ல, அரசு வைத்த தேதியில், பெரும்பாலும் ஜனவரியின் இரண்டாவது புதன்கிழமை தொடங்கி நான்கு வாரம் நடக்கும். ஒன்றிரண்டு வாரம் அடுக்கடுக்காகப் போட்டுச் சமாளித்தால், டிசம்பரில் பார்த்த அதே கோட் விலை குறைந்து கிடைக்கும்.

நான் சைவம். முட்டையும் சாப்பிட மாட்டேன். முதல் நாள் சூப்பர் மார்க்கெட்ல என்னதான் வாங்குறது?

அரிசி, பாஸ்தா, பயறு, டப்பாவில் அடைத்த கொண்டைக்கடலை, தக்காளி, உருளை, வெங்காயம், பாகெத் ரொட்டி, பால் எல்லாம் எந்தச் சின்னக் கடையிலும் கிடைக்கும். தயிருக்கு ‘யாஊர் நத்யூர்’ என்று எழுதியதைப் பாருங்கள், அது இனிப்பில்லாதது. தயிர்சாதம் நன்றாகவே வரும். ‘லார்தோன்’ என்று எழுதியிருந்தால் பன்றி இறைச்சித் துண்டுகள். சூப்பிலும் சாலட்டிலும்கூட அது ஒளிந்திருக்கும். ஜெலி மிட்டாய், சில இனிப்புத் தயிர் வகைகளில் ‘ஜெலாத்தீன்’ இருக்கும், அது விலங்கிலிருந்து வருவது. கேக், பிஸ்கட்டில் முட்டைக்கு ‘œuf’ என்று போட்டிருப்பார்கள்.

பல்கலைக்கழக மாணவர் உணவகங்கள் இந்த இரண்டு வாரமும் பெரும்பாலும் மூடியிருக்கும். மலிவான மதியச் சாப்பாடு ஜனவரியில்தான்.

சிம் கார்டு, காசு? பேங்க் அக்கவுண்ட் இல்லாம எப்படி ஓட்டுறது?

முதல் பதிலில் சொன்னதுதான், இந்த வாரம் வங்கிக்குப் போகாதீர்கள். கணக்கு திறக்க முன்பதிவு நேரமும் முகவரிச் சான்றும் வேண்டும். அதுவரை ஃபோரெக்ஸ் கார்டு ஒன்றும், சின்ன நோட்டாக இருநூறு முந்நூறு யூரோவும் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய நோட்டை நீட்டினால் கடைக்காரர் முகம் சுளிப்பார். மாதத் திட்ட சிம்முக்கு வங்கி விவரம் கேட்பார்கள், ஆகவே முதலில் ப்ரீபெய்டு சிம் போதும். புகையிலைக் கடைகளான ‘தபா’க்களிலும் கிடைக்கும்.

இந்திய சிம்மைத் தூக்கி எறியாதீர்கள். கிளம்பும் முன் ரோமிங்கைப் போட்டு வையுங்கள். உங்கள் ஊர் வங்கியின் ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும்.

பாரிஸ்ல நவிகோ மாசப் பாஸ் இறங்கின அன்னிக்கே எடுத்துடலாமா?

28ஆம் தேதி நவிகோ பயண அட்டையில் மாதப் பாஸ் போட்டால் ஜனவரிக்கானதுதான் கிடைக்கும், டிசம்பரின் மீதி நாட்களுக்கு அது செல்லாது. எடுத்த நாளிலிருந்து முப்பது நாள் என்ற கணக்கு இங்கே இல்லை, 1ஆம் தேதியிலிருந்து மாதக் கடைசி வரைதான். வாரப் பாஸும் திங்கள் முதல் ஞாயிறு வரைதான். டிசம்பர் கடைசி நாட்களுக்குத் தனி டிக்கெட்டை அட்டையில் ஏற்றிக்கொண்டு, ஜனவரிக்கு மாதப் பாஸ் போடுங்கள். ஒட்டிக்கொள்ள ஒரு சின்ன போட்டோ வேண்டும். ஊரிலிருந்து பாஸ்போர்ட் சைஸ் போட்டோ நிறையவே கொண்டு வாருங்கள், இங்கே விலை அதிகம்.

25 அன்று பாரிஸ் மெட்ரோ குறைந்த அளவில் ஓடும். சின்ன ஊர்களில் பஸ் மிகக் குறைவு, சில தடங்களில் இல்லவே இல்லை.

அக்கா, யாரோ கதவைத் தட்டி காலண்டர் வாங்கச் சொல்றாங்க. யூனிஃபார்ம்ல இருக்காங்க. பயமா இருக்கு.

பயப்பட வேண்டாம். வருடக் கடைசியில் தீயணைப்பு வீரர்களும் தபால்காரர்களும் வீடு வீடாகக் காலண்டர் கொண்டுவருவது இங்கே பழைய வழக்கம். விலை கிடையாது, விருப்பப்பட்டதைக் கொடுக்கலாம், கொடுக்காமலும் இருக்கலாம். நம் ஊரில் தீபாவளிக்கு வருகிறவர்களுக்கு இனாம் தருவதைப் போலத்தான். அடையாள அட்டை கேட்டால் காட்டுவார்கள். காட்டாதவருக்கு “நோ, மெர்சி” சொல்லிக் கதவைச் சாத்துங்கள். யாரையும் உள்ளே விடாதீர்கள், ஏனென்றால் இந்த வேஷத்தில் ஏமாற்றுகிறவர்களும் உண்டு.

அக்கா, நான் யாழ்ப்பாணத்தில இருந்து வாறன். மாமா வீடு லா கூர்நேவில இருக்கு. ரூம் கிடைக்கிற வரைக்கும் அங்க நிக்கலாமோ, பேப்பருக்குப் பிரச்சினை வருமோ?

தாராளமாக நில்லுங்கள். இந்த வாரத்தில் சொந்தக்காரர் வீட்டைவிடப் பாதுகாப்பான ஏற்பாடு வேறில்லை. மாமாவிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். ‘அத்தெஸ்தாசியோன் தெபெர்ஜ்மான்’ என்று அதைச் சொல்வார்கள். இன்னார் என் வீட்டில் இந்தத் தேதியிலிருந்து தங்கியிருக்கிறார் என்று கையெழுத்திட்டுத் தருவது. அதோடு அவருடைய அடையாள அட்டையின் நகலும், அவர் பெயரில் உள்ள அண்மைய மின்சார பில் மாதிரி ஒன்றும் சேர்த்தால் வங்கிக்கும் மற்ற இடங்களுக்கும் முகவரிச் சான்றாக ஏற்றுக்கொள்வார்கள். பிறகு அறை மாறினால் எல்லா இடத்திலும் முகவரியை மாற்ற வேண்டியிருக்கும், அது ஒன்றுதான் அலுப்பு.

கிளாஸ்மேட் 24ஆம் தேதி ராத்திரி வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கான். போகலாமா? என்ன எடுத்துட்டுப் போகணும்?

கட்டாயம் போங்கள். 24 இரவு விருந்து குடும்பத்துக்கானது, அதற்கு வெளியாளைக் கூப்பிடுவது பெரிய விஷயம். சிப்பி, புகையில் பதப்படுத்திய சால்மன், வாத்து ஈரலில் செய்யும் ஃபுவா க்ரா, பிறகு கோழி அல்லது வான்கோழி, சீஸ், கடைசியில் மரக்கட்டை வடிவத்தில் ‘பூஷ்’ கேக் என்று நள்ளிரவு வரை போகும். எட்டரைக்கு மேல்தான் உட்காருவார்கள், பசியோடு போகாதீர்கள். சைவம் என்றால் இரண்டு நாள் முன்பே சொல்லிவிடுங்கள். மேஜையில் உட்கார்ந்து சொன்னால் அந்த அம்மாவுக்குச் சங்கடம்.

ஒரு சாக்லேட் பெட்டி போதும். ஊரிலிருந்து முறுக்கு இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள், பேச ஒரு விஷயம் கிடைக்கும். மது வேண்டாம் என்றால் “நோ, மெர்சி” என்று ஒரு தடவை சொன்னால் பொதுவாக வற்புறுத்தமாட்டார்கள். திரும்பி வர வண்டி இருக்குமா என்று போகும் முன்பே பாருங்கள்.

யாரும் கூப்பிடலைன்னா? ரூம்ல தனியா இருக்கணும்னு நினைச்சாலே அழுகையா வருது.

இதை நேரில் கேட்கத் தயங்கி இரவு ஒரு மணிக்கு மெசேஜாக அனுப்புகிறவர்கள்தான் அதிகம். விடுதித் தாழ்வாரத்தில் போய்ப் பாருங்கள். ஊருக்குப் போகாமல் இருப்பவர்கள் எல்லாம் மொரோக்கோ, செனகல், வியட்நாம், சீனா என்று உங்களைப் போலத்தான். பொதுச் சமையலறையில் ரசம் வைத்தால் வாசனைக்கே இருவர் வருவார்கள். வீட்டோடு பேசும் நேரத்தையும் முன்பே பேசி வையுங்கள். குளிர்காலத்தில் இந்தியாவும் இலங்கையும் நான்கரை மணி நேரம் முன்னால் இருக்கும். இங்கே மாலை ஏழரைக்கு அங்கே நள்ளிரவு. அதற்கு மேல் இங்கே நீளும் மாலைதான் கனமானது, அதற்கென்று ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள்.

பாரிசில் இருந்தால் லா ஷப்பேல் போங்கள். கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஃபோபூர் சேன் தெனி தெரு, காய் தெரு முழுக்க ஈழத்தமிழர் கடைகள். கறிவேப்பிலை, முருங்கைக்காய், சூடான ரோல்ஸ், கொத்து ரொட்டி எல்லாம் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமையும் கடைகள் திறந்திருக்கும். பக்கத்தில் பஜோல் தெருவில் மாணிக்க விநாயகர் ஆலயம் இருக்கிறது. தேவாலயம் போகிறவர்களுக்கு, 2019 தீ விபத்துக்குப் பின் 2024 டிசம்பரில் மறுபடி திறந்த நோத்ர் தாம் பேராலயத்தில் நுழைவு இலவசம். கிறிஸ்துமஸ் பூசைக்குக் கூட்டம் நெரியும், சீக்கிரமே போய் நில்லுங்கள். மனசு ரொம்பவே பாரமாகி, விபரீத எண்ணம் வருகிறதென்றால் 3114க்கு அழையுங்கள். இலவசம், எல்லா நாளும் எல்லா நேரமும்.

25ஆம் தேதி காய்ச்சல் வந்துட்டா? இன்னும் சோஷியல் செக்யூரிட்டி நம்பர் வரலையே.

உயிர் போகிற அவசரம் என்றால் 15 அல்லது 112க்கு அழையுங்கள். சோஷியல் செக்யூரிட்டி எண், அதாவது மருத்துவக் காப்பீட்டு எண், இல்லை என்று சிகிச்சை மறுக்கமாட்டார்கள். சாதாரணக் காய்ச்சலுக்கு ஊரிலிருந்து கொண்டு வந்த பாரசிட்டமால் போதும். இங்கே அதை ‘தொலிப்ரான்’ என்று கேளுங்கள், மருந்துக் கடையில் மட்டுமே விற்பார்கள். ஆன்டிபயாடிக் சீட்டு இல்லாமல் கிடைக்காது. விடுமுறையிலும் முறை வைத்து ஒரு மருந்துக் கடை திறந்திருக்கும். எது என்பதை மூடிய கடைகளின் கதவில் ஒட்டியிருப்பார்கள். எண் வரும்வரை ஆகும் செலவுக்கு ரசீதைப் பத்திரமாக வையுங்கள், பயணக் காப்பீட்டில் கேட்க உதவும். வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரை இருந்தால் மருத்துவர் சீட்டோடு கொண்டு வாருங்கள்.

வீட்டு ஓனர் கிறிஸ்துமஸுக்கு வெளிநாட்டுல இருக்காராம். அட்வான்ஸ் அனுப்பினா சாவியைக் கூரியர்ல அனுப்புறேங்கிறார். அனுப்பலாமா?

அனுப்பாதீர்கள். டிசம்பரில் இந்தக் கதை அதிகம் சுற்றும், ஏனென்றால் ‘விடுமுறையில் இருக்கிறேன்’ என்பதை யாரும் சந்தேகப்படமாட்டார்கள். வீட்டைப் பார்க்காமல், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாமல் ஒரு யூரோகூட நகரக் கூடாது. நாலு நாள் ஹாஸ்டல் படுக்கைக்குச் செலவானாலும் பரவாயில்லை.

நிஜமான வீட்டில் சாவி வாங்கும்போது அறையின் நிலையை எழுதும் தாளில் கையெழுத்து வாங்குவார்கள். பயணக் களைப்பில் அப்படியே போட்டுவிடாதீர்கள். சுவர்க் கீறல், கறை, வேலை செய்யாத ஹீட்டர் எல்லாவற்றையும் எழுதச் சொல்லி போட்டோ எடுங்கள். ஹீட்டரை அங்கேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள், 24 மாலை அது ஓடவில்லை என்றால் சரிசெய்ய ஆள் வரமாட்டார். வாடகைதாரருக்கு வீட்டுக் காப்பீடு கட்டாயம், அதை மட்டும் விடுமுறையிலும் இணையத்திலேயே எடுத்துவிடலாம்.

சரி, ஜனவரி 2க்கு அப்புறம் எதை முதல்ல செய்றது? விசா வேலிடேஷன், அமெலி, பேங்க், காஃப் எல்லாம் குழப்பமா இருக்கு.

முதலில் பல்கலைக்கழகப் பதிவை முடித்துச் சான்றிதழ் வாங்குங்கள், மற்ற எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள். அடுத்து வங்கி, ஏனென்றால் காப்பீட்டுப் பணமும் வாடகை உதவியும் பிரெஞ்சுக் கணக்குக்குத்தான் வரும். பிறகு வெளிநாட்டு மாணவர்களுக்கான அமெலி தளத்தில் மருத்துவக் காப்பீட்டுப் பதிவு. அது இலவசம், காசு கேட்கும் தளம் எதுவும் அது அல்ல. நீண்டகால மாணவர் விசாவை இணையத்தில் உறுதிசெய்ய நுழைந்த நாளிலிருந்து மூன்று மாதம் இருக்கிறது. அவசரமில்லை, ஆனால் மார்ச் வரை தள்ளாதீர்கள்.

காஃப் என்ற உதவித்தொகை அலுவலகம் தரும் வாடகை உதவியில் ஒரு டிசம்பர் கணக்கு உண்டு. உரிமை வழக்கமாகக் குடிபுகுந்த மாதத்துக்கு அடுத்த மாதத்திலிருந்துதான் தொடங்கும். 29ஆம் தேதி ஒப்பந்தம் தொடங்கினால் ஜனவரியிலிருந்து, 2ஆம் தேதி தொடங்கினால் பிப்ரவரியிலிருந்து. ஆனால் யாருக்குக் கிடைக்கும் என்ற விதிகள் மாறிக்கொண்டிருக்கின்றன. வந்தால் லாபம் என்று வையுங்கள், அதை நம்பி வாடகை பேசாதீர்கள்.

விசா ஜனவரி 2ல இருந்து. ஆனா 30ஆம் தேதி ஃப்ராங்ஃபர்ட் வழியா டிக்கெட் மலிவா இருக்கு. வழியில ஜெர்மனிதானே, பிரான்ஸுக்கு 2ஆம் தேதி வந்தா போதாதா?

போதாது. ஃப்ராங்ஃபர்ட்டில் இறங்கி வெளியே வந்தாலே ஷெங்கன் பகுதிக்குள், அதாவது பிரான்ஸும் ஜெர்மனியும் சேர்ந்த பொது எல்லைக்குள், நுழைந்ததாகிவிடும், விசா தொடங்காத தேதியில் அங்கே விடமாட்டார்கள். அதற்கு முன்னால் சென்னையிலேயே விமானத்தில் ஏற்றமாட்டார்கள். 2ஆம் தேதியோ அதற்குப் பிறகோ பாஸ்போர்ட் சோதனை வருகிற மாதிரி டிக்கெட் எடுங்கள்.

தேதி சரியாக இருந்து ஜெர்மனி, நெதர்லாந்து வழியாக வந்தால் பாஸ்போர்ட் சோதனை அங்கேதான் நடக்கும், பிரான்ஸில் யாரும் பாஸ்போர்ட்டைத் தொடாமலே வெளியே வந்துவிடுவீர்கள். அதனால் போர்டிங் பாஸையும் ரயில் டிக்கெட்டையும் போட்டோ எடுத்து வையுங்கள். மேலே சொன்ன விசா உறுதிப்படுத்தலில் பிரான்ஸுக்குள் வந்த தேதியைக் கேட்கும்போது கையில் இருக்கும்.